அரியலூரில் இறங்கிய கப்பல்

பெரம்பலூர்
11-08-2025

மதிப்பிற்குரிய மேகலா அவர்களுக்கு,

வணக்கம். என் பெயர் ராஜராஜன். உங்களுக்கு என்னைத் தெரியாது. வீடு குரும்பலூரில். பெரம்பலூரில் ஒரு பல் லேபில் வேலை பார்க்கிறேன். டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள், நாங்கள் பல் செய்து கொடுப்போம்.

போன வாரம் உங்கள் விலாசத்துக்கு ஒரு பார்சல் வந்திருக்கும். பாதி ஒட்டிய நிலையில் ஒரு விண்கப்பல் மாடல். கதைகளில் கிரகத்துக்குக் கிரகம் சரக்கு ஏற்றிப் போகுமே, அந்த வகைக் கப்பல். அது என்னுடையது. நான் விற்கவில்லை. நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் அம்மா சொல்லி, என் அக்கா தனம் தன் போனில் படம் எடுத்துப் போட்டு விற்றுவிட்டார். கூரியர் ரசீதில் உங்கள் பெயரும் விலாசமும் இருந்தன. போன் நம்பரை நட்சத்திரம் போட்டு மறைத்திருந்தார்கள். அதனால்தான் கடிதம்.

அந்தக் கப்பலில் ஆறு வருஷமாக வேலை செய்கிறேன். இரண்டு பாகம் சேரும் இடத்தில் மெல்லிய கோடு விழும். அது கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து, வெள்ளை பெயின்ட் மூன்று பூச்சு கொடுத்திருக்கிறேன்.

நீங்கள் கொடுத்த தொகையை அப்படியே திருப்பித் தந்துவிடுகிறேன். தயவுசெய்து அதன்மேல் பெயின்ட் எதுவும் அடித்துவிடாதீர்கள். கீழே லேப் விலாசம் கொடுத்திருக்கிறேன். பதிலை வீட்டுக்கு அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
ரா. ராஜராஜன்

*

அரியலூர்
16-08-2025

ராஜராஜன் சாருக்கு,

வணக்கம். உங்க லெட்டர் முந்தாநாள்தான் கிடைச்சுது. முதல்லயே சொல்லிடறேன், மன்னிச்சுக்குங்க. பெயின்ட் அடிச்சாச்சு.

பார்சல் வந்த அன்னைக்கே பிரிச்சுட்டேன். மிச்சப் பாகத்தை ரெண்டு நாள்ல ஒட்டிட்டேன். அப்புறம் அழுக்காக்கற வேலை. பாத்திரம் விளக்குற ஸ்பாஞ்சைப் பிச்சு, கரும்பழுப்பு பெயின்ட்ல தொட்டு, ஓரம் ஓரமா ஒத்தி எடுத்தேன். அப்படிச் செஞ்சா பெயின்ட் உதிர்ந்து உள்ள இருக்கற இரும்பு தெரியற மாதிரி இருக்கும். தகடு சேர்ற இடத்துல எல்லாம் தண்ணியாக் கரைச்ச கறுப்பை ஓட விட்டேன். பின்பக்கம் புகைபோக்கி மாதிரி நாலு இருக்குல்ல, அதுக்கு மேல கரி.

என்னைப் பத்திச் சொல்லணும்ல. எனக்கு நாப்பத்தேழு வயசு. ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்து எடைமேடையில வேலை. லாரி காலியா வரும், எடை போடுவேன். கல்லு ஏத்திக்கிட்டு வரும், மறுபடி போடுவேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி கால் முறிஞ்சு நாலு மாசம் படுத்திருந்தேன். அப்ப போன்ல மாடல் செய்யற வீடியோ பாக்க ஆரம்பிச்சேன். அதுல வந்த பழக்கம் இது. இதுவரைக்கும் ஒரு ஸ்கூட்டர், ஒரு டிராக்டர் முடிச்சிருக்கேன். கப்பல் இதான் முதல்.

இன்னொண்ணு. பெட்டியில இறங்குகால் ஒண்ணுதான் இருந்துச்சு. படத்துல மூணு காட்டியிருக்கு. மிச்சம் ரெண்டும் உங்ககிட்ட இருக்கா? கால் இல்லாம கப்பல் வயித்தைத் தரையில வச்சுக்கிட்டுக் கிடக்குது.

போட்டோ ஒண்ணு பிரிண்ட் போட்டு இதோட வச்சிருக்கேன்.

அன்புடன்,
மேகலா

*

பெரம்பலூர்
20-08-2025

மேகலா மேடம் அவர்களுக்கு,

போட்டோ கிடைத்தது. பார்த்துவிட்டுத் திரும்ப உறைக்குள் போட்டுவிட்டேன்.

நீங்கள் காசு கொடுத்து வாங்கியிருக்கிறீர்கள், உங்கள் பொருள். அது எனக்குப் புரிகிறது. ஆனால் ஆறு வருஷம் ஒரு தூசி படாமல் துணி போர்த்தி வைத்திருந்ததை இரண்டே நாளில் துருப்பிடித்த தகரம் ஆக்கியிருக்கிறீர்கள். விண்வெளியில் ஈரம் கிடையாது. அங்கே துரு எங்கிருந்து வரும் என்று ஒரு நிமிஷமாவது யோசித்தீர்களா?

இரண்டு கால்களும் என்னிடம்தான் இருக்கின்றன. மெருகு போடுவதற்காக லேபுக்கு எடுத்து வந்திருந்தேன், அதனால்தான் தப்பித்தன. அவற்றை அனுப்புவதாக இல்லை.

ராஜராஜன்

*

அரியலூர்
25-08-2025

ராஜராஜன் தம்பிக்கு,

தம்பின்னு எழுதறேன், கோவிச்சுக்காதீங்க. உங்க கோவம் நியாயம்தான். நம்ம சாமானை வேற யாரோ எடுத்துக் குடுத்துட்டா வயிறு எரியத்தான் செய்யும்.

நீங்க கேட்ட கேள்வியை எங்க வீட்டுக்காரர்கிட்ட கேட்டேன். அவர் பேர் அறிவரசன், இருபத்தாறு வருஷமா லாரி ஓட்டறார். அழுக்கு எங்கெங்க வைக்கணும்னு எனக்குச் சொன்னதே அவர்தான். சக்கரத்துக்குப் பின்னாடிதான் சேறு அடிக்கும், ஆயில் ஒழுகினா காத்தடிக்கற பக்கமா கோடு இழுக்கும், டிரைவர் ஏறி இறங்கற படியில மட்டும் பெயின்ட் தேஞ்சு பளபளன்னு இருக்கும், இப்படி. வானத்துல காத்தும் இல்ல, மழையும் இல்லையாமே, அப்புறம் எப்படித் துருன்னு நான் கேட்டதுக்கு ஒரு டம்ளர் டீயைக் குடிச்சு முடிச்சார். அப்புறம் சொன்னார், "சரக்கு ஏத்த எங்கயாவது இறங்கித்தானே ஆகணும்? இறங்கற ஊர்ல மழை பெய்யும்ல?"

அவர் சொன்னதுல தப்பு எதுவும் எனக்குத் தெரியல. உங்களுக்குத் தெரிஞ்சா எழுதுங்க.

ஒரு சந்தேகம் கேக்கறேன். பல்லு செய்யறீங்கன்னு எழுதியிருந்தீங்க. எல்லாருக்கும் ஒரே வெள்ளையிலயா செய்வீங்க? எங்க வீட்டுக்காரருக்குக் கடைவாய்ல ஒண்ணு கட்டினப்ப, பக்கத்துப் பல்லோட வச்சு வச்சுப் பாத்து நிறம் எடுத்தாங்க.

நான் அடிச்சதெல்லாம் தண்ணியில கரையற பெயின்ட்தான். வேணும்னா கழுவி எடுத்துடலாம், உங்க வெள்ளை உள்ள அப்படியே இருக்கும். ஒரு ஞாயித்துக்கிழமை வாங்க. நேர்ல பாத்துட்டு அப்பவும் பிடிக்கலைன்னா நானே கழுவி உங்க கையில குடுத்துடறேன். பணம் ஒண்ணும் வேணாம்.

அன்புடன்,
மேகலா

*

பெரம்பலூர்
19-09-2025

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்கு மன்னியுங்கள். மூன்று முறை எழுதிக் கிழித்துப் போட்டேன்.

போன மாதம் உத்திராபதி என்று ஒரு பெரியவர், டாக்டர் பொருத்தின முன்பல்லோடு நேராக எங்கள் லேபுக்கே வந்துவிட்டார். "தம்பி, பல்லு நல்லாத்தான் இருக்கு. ஆனா வாயைத் திறந்தா எல்லாரும் பல்லையே பாக்கறாங்க" என்றார். நான்தான் செய்தேன். ஒரு குறை சொல்ல முடியாத பல். அதை டாக்டரிடம் சொல்லிக் கழற்றி வாங்கி, ஈறு சேரும் கழுத்துப் பக்கம் லேசாக மஞ்சள் ஏற்றி, நடுவில் முடி போல ஒரு விரிசல் கோடு வரைந்து, திரும்பச் சூளையில் வைத்து எடுத்தேன். போட்டுக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "இது என்னுது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்குச் சாயந்திரம்தான் உறையிலிருந்து உங்கள் போட்டோவை மறுபடி எடுத்தேன். அக்கா, ஏணிப் படியில் மட்டும் பெயின்ட் தேய்ந்திருப்பதை அப்போதுதான் கவனித்தேன். யாரோ தினமும் ஏறி இறங்குகிற மாதிரி இருந்தது. ஆறு வருஷத்தில் அந்தக் கப்பலுக்குள் ஆள் இருப்பார்கள் என்று நான் நினைத்ததே இல்லை.

கழுவ வேண்டாம். உங்களிடமே இருக்கட்டும். இரண்டு கால்களையும் பஞ்சில் சுற்றி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஒட்டும்போது பின்கால் இரண்டும் அரை மில்லிமீட்டர் வெளிப்பக்கம் சாய வேண்டும், இல்லாவிட்டால் ஆடும்.

அம்மா ஏன் விற்றார்கள் என்று சொல்லவில்லையே. போன வருஷம் பெண் வீட்டார் வந்திருந்தபோது பெண்ணின் மாமா அந்தக் கப்பலைப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை இன்னும் பொம்மை வச்சிருக்காரு போல" என்று சிரித்தார். அந்த இடம் அமையவில்லை. அதற்கு வேறு காரணம்தான், ஆனால் அம்மா மனதில் கப்பல்தான் நின்றுவிட்டது. இப்போது குன்னத்தில் ஒரு இடம் முடிவாகியிருக்கிறது. பெண் பெயர் லாவண்யா, கிராம சுகாதார செவிலியர். தை மாதம் கல்யாணம். கப்பல் விஷயம் அவருக்குத் தெரியாது. இனி சொல்லவும் தேவை இல்லை என்று நினைக்கிறேன்.

அன்புடன்,
ராஜராஜன்

*

அரியலூர்
26-10-2025

அன்புத் தம்பிக்கு,

கால் வந்துச்சு. கப்பல் எழுந்து நிக்குது. ஆடல. அவர் குனிஞ்சு அடியில பாத்துட்டு, "இப்பதான் வண்டி மாதிரி இருக்கு" ன்னார்.

கல்யாணச் சேதி கேட்டு ரொம்பச் சந்தோஷம். ஆனா ஒண்ணு சொல்லாம இருக்க முடியல. அந்தப் பொண்ணுகிட்ட ஏன் சொல்லல? நானும் முதல்ல மறைச்சேன் தம்பி. குன்னம் பக்கம் எங்கம்மா வெங்காயக் காட்டுல களை எடுத்துத்தான் எங்களை ஆளாக்குனாங்க. அந்த வயித்துல பொறந்துட்டு, இந்த வயசுல உக்காந்து பிளாஸ்டிக் வண்டிக்குப் பெயின்ட் அடிக்கறேன்னு எப்படிச் சொல்றதுன்னு வெக்கம். ஸ்கூட்டர் மாடலை அலமாரியில புடவைக்கு அடியில வச்சிருந்தேன். அவர் ஒருநாள் துண்டு தேடறப்ப கண்டுபிடிச்சுட்டார். சிரிப்பார்னு நெனச்சேன். சைலன்சர் இவ்வளவு சுத்தமா இருக்காதேன்னார், அவ்வளவுதான். ஒரு வருஷம் சும்மா ஒளிச்சு வச்சிருந்திருக்கேன்.

இப்ப கெட்ட சேதி. கடைசியா பளபளப்பு தெரியாம இருக்க ஒரு வார்னிஷ் ஸ்ப்ரே அடிப்பாங்கள்ல, அதை முந்தாநாள் அடிச்சேன். மூணு நாளா இங்க விடாம தூறல். வீடியோவுல ஈரத்துல அடிக்காதேன்னு சொல்லியிருக்காங்க, எனக்கு அவசரம். அரை மணி நேரத்துல கப்பல் முழுக்க வெள்ளையா பூத்துப்போச்சு. சாம்பல் பூசின மாதிரி. துரு, கரி, ஏணிப்படி ஒண்ணும் தெரியல. துணியால தொடச்சேன், போகல. ரெண்டு மாச வேலை தம்பி. நேத்து வேலைக்குப் போயி ஒரு லாரிக்குத் தப்பா எடை எழுதிட்டேன். அந்த டிரைவர் நல்லவர், சீட்டைத் திருப்பிக் கொண்டாந்து தப்பைக் காமிச்சார்.

உங்களுக்கு ஏதாவது வழி தெரியுமா? தெரிஞ்சா உடனே எழுதுங்க.

மேகலா

*

பெரம்பலூர்
05-11-2025

அன்புள்ள அக்காவுக்கு,

கவலைப்படாதீர்கள். அதைச் சரி செய்யலாம். வார்னிஷ் காய்வதற்குள் காற்றிலிருக்கிற ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். நல்ல வெயில் அடிக்கிற நாளாகப் பார்த்து, நடுப்பகலில், பளபளப்பு வார்னிஷை மிக மெல்லிசாக அடித்தால் அந்த வெள்ளை கரைந்துவிடும். அதன் மேல் மறுபடி உங்கள் மங்கல் வார்னிஷ். நீங்கள் எதையும் தொட வேண்டாம். பதினாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, வெயில் இருந்தால் நானே சாமானோடு வருகிறேன்.

தனியாக வரவில்லை.

உங்கள் கடிதம் கிடைத்த மறுநாள் பட்டு எடுக்கப் போயிருந்தோம். பெரியவர்கள் கடைக்குள் இருந்தார்கள். நானும் லாவண்யாவும் வாசலில் நின்றிருந்தோம். போட்டோவைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "இதை எதுக்கு மறைச்சீங்க?" என்று கேட்டார். "நீங்க சிரிப்பீங்களோன்னுதான்" என்றேன். "சிரிச்சா என்ன? நான் ஊசி போடப் போற வூட்டுல எல்லாம் என்னைப் பாத்துக் குழந்தைங்க கட்டிலுக்கு அடியில ஓடுது. அதுக்காக நான் நர்ஸ் இல்லன்னா சொல்றேன்? வேற என்னென்ன மறைச்சிருக்கீங்க?" என்றார். மூன்று நாள் போனை எடுக்கவில்லை. அக்கா, அந்த மூன்று நாளும் லேபில் நான் செய்த ஒரு பல்லும் உருப்படவில்லை.

நான்காம் நாள் அவரே கூப்பிட்டார். "அந்த ஏணியில ஏறி எறங்கறது யாரு? பேரு வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அந்த அக்காவுக்குத் தெரிஞ்சிருக்கும். போய்க் கேப்போம்" என்றார். அதனால் இருவருமாக வருகிறோம். அவருடைய பெரியம்மா சிந்தாமணியும் துணைக்கு வருகிறார். அவரிடம் கோயிலுக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறோம். கோயிலுக்கும் போவோம்.

அன்புடன்,
ராஜராஜன்

*

அரியலூர்
18-11-2025

அன்புத் தம்பிக்கு,

நீங்க பஸ் ஏறிப் போனதுலேருந்து வீடு வெறிச்சுனு இருக்கு. அதான் ரெண்டு நாள் பொறுத்து உக்காந்து எழுதறேன்.

கப்பல் நல்லா காஞ்சிருச்சு. முதல் தடவை அடிச்சதும் வெள்ளை மறைஞ்சு அடியிலேருந்து துரு மெல்ல மெல்ல வெளிய வந்துச்சு பாருங்க, அப்ப நீங்க விட்ட பெருமூச்சு மாடிப்படி வரைக்கும் கேட்டுச்சு. துரு வேணாம்னு சண்டை போட்ட ஆளு.

வயித்துக்கு அடியில மட்டும் வெள்ளை கொஞ்சம் நின்னுபோச்சு. நீங்க அதையும் எடுக்கணும்னு நின்னீங்க. அவர் விடலை. சுண்ணாம்புக்கல்லு ஏத்தற வண்டிக்கு அடி இப்படித்தான் பூத்திருக்கும்னுட்டார். நீங்க கொஞ்ச நேரம் பாத்துட்டுக் கையைக் கழுவப் போயிட்டீங்க. எனக்கு அது பெரிய விஷயமாப் பட்டுச்சு.

லாவண்யாவை ரொம்பப் பிடிச்சுப்போச்சு. கப்பலைச் சுத்திச் சுத்தி வந்து, இதுல கக்கூஸ் எங்க இருக்குன்னு கேட்டுச்சே, இதுவரைக்கும் யாரும் அதைக் கேட்டதில்ல. டிரைவருக்கு வேம்புன்னு பேர் வச்சுட்டுப் போயிருக்கு. நல்ல பேருதான். பெரியம்மாதான் பாவம், கோயில்ல நடை சாத்தப் போறாங்கன்னு அஞ்சு தடவை சொன்னாங்க.

நீங்க கீழ செருப்பு போட்டுக்கிட்டு இருந்தப்ப லாவண்யா என்கிட்ட ஒண்ணு கேட்டுச்சு. கல்யாணத்தன்னைக்கு இந்தக் கப்பலை எடுத்துட்டு வரணுமாம். மண்டப வாசல்ல சந்தனம், கற்கண்டு வைக்கற மேஜையில வைக்கணுமாம். உங்கம்மா என்ன சொல்லுவாங்களோன்னேன். "அத்தைகிட்ட நான் பேசிக்கறேன்" னு சொல்லுச்சு. நான் சரின்னுட்டேன் தம்பி. நீங்க பயந்தாலும் இனிமே மாத்த முடியாது.

அன்புடன்,
அக்கா மேகலா

*

குரும்பலூர்
01-02-2026

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும்,

வீட்டு விலாசத்திலிருந்தே எழுதுகிறேன். இனி பதிலையும் இங்கேயே அனுப்பலாம்.

அத்தனை பெரிய அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அரியலூரிலிருந்து பஸ்ஸில் வந்தீர்கள் என்று மாமா சொன்னார். முகூர்த்தம் முடிந்ததும் ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டீர்கள். வயிறாரச் சாப்பிட்டீர்களா என்றுகூடக் கேட்க முடியவில்லை. நீங்கள் போன பிறகு நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

லாவண்யா என் அம்மாவிடம் பேசிக்கொள்வதாகச் சொன்னார் அல்லவா, பேசவே இல்லை. நேராக மேஜையில் வைக்கச் சொல்லிவிட்டார். அம்மா பன்னீர்ச் சொம்போடு வாசலுக்கு வந்தபோதுதான் பார்த்தார்கள். நான் மேடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மாலை கனத்தது, எழுந்து வரவும் முடியவில்லை. அம்மா சொம்பைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார்கள். சுற்றி வந்து பின்பக்கம் பார்த்தார்கள். வருகிறவர்கள் எல்லாரும் அங்கேயே நின்று போட்டோ எடுக்கிறார்கள். எங்கள் சொந்தத்தில் ஆண்டவர் என்று ஒரு பெரியப்பா, கட்டட வேலை மேஸ்திரி. அவர் கண்ணாடி மாட்டிக்கொண்டு பத்து நிமிஷம் நின்று, "சுந்தராம்பா, இதை யாரு செஞ்சது?" என்று அம்மாவைக் கேட்டிருக்கிறார். "எம் பையன்" என்று அம்மா சொல்லியிருக்கிறார்கள். அப்புறம் கொஞ்சம் பொறுத்து, "அரியலூர்ல ஒரு பொண்ணும் சேந்து" என்றார்களாம். உங்களைப் பற்றி அம்மாவுக்கு யார் சொன்னது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. லாவண்யா நான் இல்லை என்கிறார்.

சாப்பாட்டுப் பந்தி எல்லாம் முடிந்த பிறகு அம்மா என்னிடம் வந்தார்கள்.

"இது அதுதானே?"

"அதேதாம்மா."

"அப்ப வெள்ளையா இருந்துச்சே."

"ஆமா."

அப்புறம் சொன்னார்கள், "இப்பதான் எங்கயோ போயிட்டு வந்த மாதிரி இருக்கு." பிறகு என் காதருகே வந்து, "நான்தான் வித்தேன்னு அந்த அரியலூர்ப் பொண்ணுகிட்டச் சொல்லாத" என்றார்கள். முதல் கடிதத்திலேயே எழுதிவிட்டேன் என்று நான் சொல்லவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கப்பல் உங்களுடையது. மறுநாளே பெட்டியில் வைத்து உங்களிடம் கொண்டு வந்து கொடுக்க வேண்டும் என்று இருந்தேன். காலையில் பார்த்தால் பெட்டி காலியாக இருக்கிறது. கப்பல் அம்மாவின் பீரோ மேல் நிற்கிறது. கீழே எம்ப்ராய்டரி போட்ட துணி. கேட்டால், "எடுத்துட்டுப் போறதுன்னா அவங்களே வந்து கேக்கட்டும்" என்கிறார்கள். எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை அக்கா. நீங்கள் சொன்னால் நான் எடுத்துவிடுகிறேன். அம்மா இரண்டு நாள் பேசமாட்டார்கள், பரவாயில்லை.

உங்கள் தம்பி,
ராஜராஜன்

*

அரியலூர்
06-02-2026

அன்புத் தம்பி ராஜராஜனுக்கும் லாவண்யாவுக்கும்,

ரெண்டு பேரும் நல்லா இருக்கணும். சாப்பாடு வயிறு நெறையச் சாப்பிட்டோம். அவர் பாயசம் மூணு தடவை வாங்கினார்.

எடுக்காதீங்க. அங்கயே இருக்கட்டும். கப்பல் இல்லாம பிரிட்ஜ் மேல எடம் வெறுமையாத்தான் இருக்கு, பொய் சொல்ல மாட்டேன். வேலை முடிஞ்சு வந்ததும் கண்ணு அங்கதான் போகுது. ஆனா முடிச்ச சாமானை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணப் போறேன்? எனக்குச் செய்யறதுதான் பிடிச்சுது. நேத்து அவரே கடை கடையா அலைஞ்சு, பல்லு விளக்குற பிரஷ் மாதிரி இருக்கற நாலு பிரஷ் வாங்கிட்டு வந்து, "அடுத்தது என்ன?" ங்கறார். இன்னும் முடிவு பண்ணல. உங்ககிட்டயும் லாவண்யாகிட்டயும் கேட்டுட்டுத்தான்.

உங்க அம்மாகிட்டச் சொல்லுங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு. பத்து மணி பஸ்ஸுக்கு ரெண்டு பேரும் வரோம். கேக்க வரலை, பாக்க வரோம்.

அன்புடன்,
அக்கா மேகலா